சிறுநீரகக் கணக்கீட்டில் இனத் திருத்தம்

நோயாளி கறுப்பினத்தவர் என்று பதிவாகியிருந்தால் அவரது சிறுநீரகச் செயல்திறனைக் கூட்டிக் காட்டிய கணக்குமுறை. அமெரிக்காவில் 1999 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. மருத்துவத்தில் நிறுவனமயமான இனப்பாகுபாட்டுக்குச் சான்றாகப் பேசப்படுவது.

இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை மதிப்பிடுவது வழக்கம். வயது, பாலினத்தோடு இனத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தது 1999இல் வெளியான எம்.டி.ஆர்.டி. சூத்திரம். ஆய்வில், ஒரே செயல்திறன் கொண்டவர்களிடையே கறுப்பினத்தவருக்குக் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாக இருந்தது. தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2009இல் வந்த சி.கே.டி.-எபி சூத்திரமும் கறுப்பினத்தவரின் விடையை 1.159ஆல் பெருக்கியது. ஆய்வக அறிக்கைகள் பலவற்றில் இரண்டு எண்கள் அச்சாயின: கறுப்பினத்தவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பெற்றோரில் ஒருவர் மட்டும் கறுப்பினத்தவர் என்றால் எந்த எண்ணைப் பார்ப்பது? சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில்தான் அடி விழுந்தது. டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்குச் செயல்திறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் காத்திருப்புக் காலம் ஏறத் தொடங்கும். வயதும் பாலினமும் கிரியேட்டினினும் ஒன்றாகவே உள்ள இருவரில் வெள்ளையருக்கு 18 என்று வந்தால், கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 21 வரும். முன்னவருக்குக் காலம் ஓடும், பின்னவருக்கு ஓடாது. இத்தனைக்கும் சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பது வெள்ளையரைவிடக் கறுப்பின அமெரிக்கர்களிடையே மூன்று மடங்குக்கும் அதிகம். இதில் எந்த மருத்துவரும் துவேஷம் காட்ட வேண்டியதில்லை; பெருக்கலைக் கணினியே செய்துவிடும்.

மருத்துவ மாணவர்கள் கேள்வி எழுப்பிய பிறகே அசைவு ஏற்பட்டது. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017இல் இந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. செயல்திறனைக் குறைத்து மதிப்பிட்டால் சில மருந்துகள் கறுப்பின நோயாளிகளுக்கு மறுக்கப்படலாம் என்ற எதிர்வாதமும் எழுந்தது. அது ஒதுக்கத்தக்க வாதமன்று. இனம் சேராத சூத்திரத்தைத் தேசியப் பணிக்குழு 2021இல் பரிந்துரைத்தது. உறுப்பு மாற்று வலையமைப்பு 2022இல் பழைய கணக்கைத் தடைசெய்தது. 2023 ஜனவரி முதல், இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தது. 14,000க்கும் மேற்பட்டோர் அதனால் பயனடைந்தனர்.

நுரையீரல் திறன் சோதனையிலும் இதுபோன்ற திருத்தம் இருந்தது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2023இல் அங்கும் இனம் சேராத கணக்கைப் பரிந்துரைத்தது.