வடக்கு நோக்கி நகர்ந்த சோயா

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் மே மாதக் கடைசியில்கூட உறைபனி விழும். செப்டம்பர் பாதியைத் தாண்டினால் மறுபடியும் விழும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஏறத்தாழ நான்கு மாதத்தில்தான் விதைப்பு, களையெடுப்பு, அறுவடை எல்லாம் முடிந்தாக வேண்டும். கோதுமையும் கனோலாவும் விளையும் அந்த மண்ணில் 2017ஆம் ஆண்டு சுமார் 23 லட்சம் ஏக்கரில் சோயா பயிரானது. அதற்கு ஒரு தலைமுறை முன்பு அங்கே சோயாவைப் பார்ப்பதே அரிது. சீனாவிலிருந்து புறப்பட்ட பயிர் இவ்வளவு வடக்கே வேரூன்ற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குப் பின்னால் பல நாட்டு விதைக்காரர்களின் பொறுமை இருக்கிறது.

குளிர் மட்டுமே தடையாக இருந்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். சோயாவுக்குப் பகலின் நீளமும் ஒரு கணக்கு. நம் பழைய சம்பா ரகங்கள் பலவற்றைக் கொஞ்சம் முன்னே பின்னே விதைத்தாலும், பகல் சுருங்கும் பருவம் வந்த பிறகுதான் கதிர் விடும். சோயாவும் அந்த வகைதான். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய கார்னர், அல்லார்ட் இருவரும் வாஷிங்டன் அருகே ‘பிலாக்ஸி’ என்ற சோயா ரகத்தைச் சில வார இடைவெளியில் பலமுறை விதைத்துப் பார்த்தார்கள். முந்தி விதைத்த செடியும் பிந்தி விதைத்த செடியும் செப்டம்பரில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பூத்தன. செடியின் வயது பூக்கும் நாளைத் தீர்மானிக்கவில்லை. பகலின் நீளமே தீர்மானித்தது. 1920இல் வெளியான அந்த ஆய்வு தாவர அறிவியலில் ஒரு புதிய துறையையே திறந்துவிட்டது.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தை எட்டாது. மனிடோபாவின் தலைநகர் வினிபெக்கில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல். தெற்கத்திய சோயாவை அங்கே விதைத்தால் இலையும் தண்டுமாகச் செழித்து நிற்கும். பூக்க நினைக்கும்போது உறைபனி வந்துவிடும். ஆகவே வடக்கே வாழக்கூடிய சோயா, நீண்ட பகலைப் பொருட்படுத்தாமல் பூக்கும் சோயாவாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அறியாத காலத்திலேயே ஒருவர் முயன்று பார்த்துவிட்டார். 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஆசிய நாடுகளிலிருந்து சோயா விதைகள் வந்திருந்தன. வேளாண் பேராசிரியர் ஃபிரீட்ரிக் ஹாபர்லாண்ட் அவற்றைச் சேகரித்தார். 1875இல் விதைத்தபோது பல ரகங்கள் முற்றவே இல்லை, சிலதான் தேறின. தேறிய விதையைப் பெருக்கி, அடுத்த ஆண்டுகளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பல மூலைகளுக்கும் அனுப்பி, யார் நிலத்தில் என்ன ஆனது என்று கேட்டு எழுதி வாங்கினார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1878இல் சோயாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் இறந்தும் போனார். அவருக்குப் பின் அந்த ஆர்வம் தணிந்துவிட்டது. இன்னொரு பத்தாண்டு அவருக்குக் கிடைத்திருந்தால் ஐரோப்பாவில் சோயாவின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கனடாவில் குவெல்ஃப் நகரின் ஒன்டாரியோ வேளாண் கல்லூரியில் சி. ஏ. ஜாவிட்ஸ் 1893இல் சோயாவைச் சோதிக்கத் தொடங்கினார். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ‘ஓஏசி 211’ ரகம் 1923இல் வெளிவந்தது. பிறகு ஒன்டாரியோவின் தென்கோடியில் உள்ள ஹாரோ ஆய்வு நிலையம் 1951இல் ‘ஹாரோசாய்’ என்ற ரகத்தைக் கொடுத்தது. ஆனால் அந்தத் தென்கோடி கனடாவின் மிக வெப்பமான மூலைகளில் ஒன்று. அங்கிருந்து வடக்கே சோயா அவ்வளவு எளிதாக நகரவில்லை.

நகர வைத்த விதை ஸ்வீடனிலிருந்து வந்தது. நோர்ஷொப்பிங் நகரை ஒட்டிய ஃபிஸ்கபியில் ஸ்வென் ஹோல்ம்பர்க் என்ற விதை வல்லுநர் 1940களிலிருந்து சோயாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 58 பாகை வட அட்சரேகை. கோடைப் பகல் பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். ஆசியாவின் குளிர்ந்த வடபகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்ட விதைகளை ஒட்டுச் சேர்த்து, நீண்ட பகலிலும் பூக்கிற, பூக்கும் வேளையில் இரவு குளிர்ந்தாலும் காய் பிடிக்கிற செடிகளை ஆண்டுதோறும் பொறுக்கி எடுத்தார். இரண்டாவது குணம் முதலாவதைப் போலவே முக்கியம். பூக்கும் நாட்களில் இரவுக் குளிர் தாக்கினால் சாதாரண சோயாவின் பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். ‘ஃபிஸ்கபி’ வரிசை ரகங்கள் அவர் உழைப்பின் பலன்.

ஸ்வீடன் சோயா நாடாகவில்லை. தன் வாழ்நாளில் தன் நாட்டு வயல்களை மாற்றாத ஒரு வேலையில் இத்தனை ஆண்டு ஊன்றி நின்ற மனிதரைப் பயிர்களின் வரலாறு இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

ஒட்டாவா நகரின் நடுவே 1886இல் தொடங்கிய அரசு மத்தியப் பரிசோதனைப் பண்ணை இன்றும் இருக்கிறது. அங்கே ஹார்வி வோல்டெங், ஹோல்ம்பர்கின் ‘840-7-3’ என்ற வரிசையை ‘ஹாரோசாய் 63’ உடன் ஒட்டுச் சேர்த்தார். ஒன்றில் குளிர் தாங்கும் குணம், மற்றதில் விளைச்சல். 1976இல் ‘மேப்பிள் ஆரோ’ பிறந்தது. ஒன்டாரியோவின் கிழக்குப் பகுதி விவசாயிகள் நம்பி விதைக்கக்கூடிய சோயா அவர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. அங்கிருந்து அது கியூபெக்குக்குள்ளும் நுழைந்தது. அதைவிடக் குறுகிய வயதுள்ள ‘மேப்பிள் பிரெஸ்டோ’ மேற்கின் புல்வெளி மாகாணங்களைக் குறிவைத்தது.

வயலில் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த குணத்துக்குப் பெயர் பிறகுதான் கிடைத்தது. பூக்கும் காலத்தையும் முற்றும் காலத்தையும் ஆளும் மரபணுக்களுக்கு இ1, இ2, இ3 என்று 1971 முதல் பெயரிட்டார்கள். நான்காவதான இ4ஐ ஹாரோவின் பஸ்ஸெலும் வோல்டெங்கும் 1980இல் விவரித்தார்கள். இவற்றில் சில செயலிழந்தால் செடி நீண்ட பகலுக்கு அசையாமல் பூக்கிறது.

விதை கிடைத்தால் மட்டும் விவசாயம் ஆகிவிடாது. சோயாவின் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா கனடா மண்ணில் இயல்பாக இல்லை. புது நிலத்தில் முதன்முறை விதைப்பவர் நுண்ணுயிர் விதை நேர்த்தி செய்தாக வேண்டும். மனிடோபாவில் அதை இருமடங்காகவே செய்யச் சொல்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் முதல் நாளில் மண் அதிகம் குளிர்ந்திருந்தால் விதை முளைக்காமலே கெடும். பட்டாணியின் வளர்முனை மண்ணுக்கடியில் இருப்பதால் பனி கருக்கினாலும் மறுபடி துளிர்க்கும். சோயாவோ விதையிலைகளை வெளியே தூக்கிக்கொண்டு வருவது, அதனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கீழ்க்காய்கள் தரையை ஒட்டி இருக்கும் என்பதால், அறுவடை இயந்திரம் கல்லில் மோதாமல் இருக்க விதைத்த கையோடு நிலத்தை உருளை போட்டுச் சமப்படுத்துகிறார்கள்.

ஆனாலும் மனிடோபாவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கின் கனத்த களிமண்ணுக்கு இந்தப் பயிர் பிடித்துப்போனது. நீர் தேங்கினால் பட்டாணி அழுகும், சோயா ஓரளவு தாங்கும். தழைச்சத்து உரச் செலவும் மிச்சம். 2000களில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற ரகங்கள் குறுகிய வயதிலும் கிடைக்கத் தொடங்கியதும் பரப்பு ஏறியது. அரசுப் பண்ணைகள் போட்ட அடித்தளத்தின்மேல் தனியார் விதை நிறுவனங்கள் சந்தையைக் கட்டின. அந்தச் சந்தையில் விதை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

ஏற்றமும் நேர்கோடாக இல்லை. 2004 ஆகஸ்டில், யாரும் எதிர்பாராத நேரத்தில் உறைபனி விழுந்து மனிடோபாவின் பச்சைக் காய்களைக் கருக்கியது. 2017க்குப் பின் வந்த கோடைகளில் காய் முற்றும் ஆகஸ்டில் மழை பொய்த்தது. 2020இல் பரப்பு உச்சத்தின் பாதியளவுக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறியது.

இப்போது ஆய்வாளர்களை வாட்டும் கேள்வி வேறு. மேற்குக் கனடாவில் விளையும் சோயாவில் புரதம் கிழக்கைவிடக் குறைவு. பிண்ணாக்குக்காக வாங்கும் ஆலைக்குப் புரதமே முதல் கணக்கு என்பதால் விலையும் அடிபடுகிறது. புரதத்தைக் கூட்டப் போனால் விளைச்சலோ எண்ணெயோ இறங்குவது சோயாவின் பழைய சிக்கல். அதோடு குறுகிய வயதையும் விட்டுவிடக் கூடாது. ஒட்டாவா பண்ணையில் வோல்டெங்கைத் தொடர்ந்து வந்த எல்ராய் கோபர் போன்றவர்கள் கையில் எடுத்த வேலை அது. ஹோல்ம்பர்கின் ஃபிஸ்கபி செடிகளும் ஓய்வு பெற்றுவிடவில்லை: வறட்சி, உப்பு, ஓசோன் ஆகியவற்றைத் தாங்கும் குணம் அவற்றில் இருப்பதைக் கண்டு, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் இப்போது தெற்கத்திய ரகங்களோடு அவற்றை ஒட்டுச் சேர்த்து வருகிறார்கள்.