கொங்குநாட்டிற் பெண் கொள்ளும் முறை

கொங்கு வேளாளரிற் காடை, ஓதாளர், பெருங்குடி, அந்துவன் முதலிய கூட்டத்தார் பலர் உளர். ஒரே கூட்டத்தார் எத்துணைத் தூரத்திலிருப்பினும் பங்காளிகளேயாவர்; அவருட் கொள்வனை கொடுப்பனை இல்லை. ஆகலின் மதுக்கரை போன்ற மலையடிவாரத்துத் தனித்தோட்டத்தில் வாழ்ந்தவனுக்கு அண்டைத் தோட்டத்துப் பெண் பல விடங்களில் தங்கைமுறையாகவே அமைந்தாள். மாமன் மகளாகிய உரிமைப்பெண் இல்லையேல் உறவினரும் சந்தையும் தேர்த்திருவிழாவுமே துணை. காளைக்கு விலை பேசப் போனவர் பெண்ணிருக்கும் வீட்டின் செய்தியோடு மீள்வதுமுண்டு. அப்பெண்ணின் மனத்தைக் கேட்டவர் எவர்?

1862-இல் போத்தனூர் வழியே பாலக்காட்டுக்குப் புகைவண்டி சென்றது. 1934-இல் மதுக்கரையிற் சிமிண்டு ஆலை எழுந்தது. வழி குறுகிற்று, முறை மாறவில்லை. 1946-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரே கோத்திரத்தார் விவாகமும் செல்லுமென்றது. கூட்ட வழக்கமோ இன்றும் நிலைத்துள்ளது.

இப்பொழுது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதரிதென்று பெரியோர் முறையிடுகின்றனர். படித்த பெண் பட்டணத்தை நாடுகின்றாளென்று அவளைக் குறைகூறுவது எளிது. 2001-ஆம் வருஷத்துக் குடிமதிப்பிற் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுவரையுள்ள ஆண் மக்கள் 1000 பேருக்குப் பெண் மக்கள் 851 பேரே. ஏனைய பெண்மக்களைப் பிறவாமலும் வாழாமலும் செய்தவர் யாவர், அன்பர்களே? அக்குழந்தைகளே இன்று மணப்பருவத்தினர். கொங்கிளைஞருட் சிலர் வாளையாறு கடந்து பாலக்காட்டுச் சீமையிற் பெண் கொள்கின்றனர். ஆங்குக் கூட்டம் எதுவென்று வினவுவாரில்லை.