குத்தகைச் சூதும் நாலு நம்பரும்
மலேசியாவின் சிலாங்கூரில் பழைய கோலா குபு ஈயச் சுரங்க ஊர். 1883-இல் அணை உடைந்து ஊரின் பெரும்பகுதி அழிந்தது; பிறகும் ஆற்று மணல் ஏறிக்கொண்டே போனதால், அருகிலேயே கோலா குபு பாரு எழுந்தது. அக்காலச் சிலாங்கூரில் சூது ஒளிவுமறைவான தொழிலல்ல. சூதுக்கூடம் நடத்தும் உரிமையை அரசே குத்தகைக்கு விட்டது. எடுத்தவர் பல வேளை சுரங்க முதலாளியே. காலையில் கொடுத்த கூலி இரவில் ஆட்டப் பலகை வழியே அவரிடமே திரும்பும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கணக்கு இருக்க முடியாது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912 முடிவோடு குத்தகை நின்றது. ஆட்டம் நிற்கவில்லை, பின்கட்டுக்குப் போனது.

ரப்பர் தோட்டத் தமிழரைப் பின்னாளில் பிடித்தது நாலு நம்பர் குலுக்கல். 1969-இல் மேக்னம் நிறுவனம் அதைச் சட்டபூர்வமாக நடத்தத் தொடங்கியது. கனவில் வந்த பாம்பு, விபத்தில் நசுங்கிய காரின் எண், முனியாண்டி கோயில் குறி எல்லாமே நான்கு இலக்கமாயின. பத்தாயிரம் எண்களில் ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை இருபத்து மூன்றுதான். சம்பள நாளில் மளிகைக்கடைப் பாக்கியும் கள்ளுக்கடையும் போக மிஞ்சிய வெள்ளி நம்பருக்குப் போனது. அடுத்த வாரச் செலவுக்குக் கைமாற்று; அது அடையாதபோது மனைவியின் தோடு அடகுக்கடைக்குப் போனது.