முற்பகல் மணவிருந்து: ஒரு வரலாற்று நோக்கு

திருமண வரவேற்பு என்றால் மாலை ஆறரை மணிக்கு மேல்தான் என்பது இன்று எழுதாச் சட்டம் போல் ஆகிவிட்டது. தை மாதத்தில் நம் வட்டாரத்தில் ஞாயிறு மறைவது ஏறத்தாழ ஆறு மணிக்கு. மறைவதற்கு 48 நிமிடங்களுக்கு முன்பே உணவை முடித்துக்கொள்ளும் நோன்பினர்க்கு ஐந்தேகால் மணிக்கே அன்றைய உணவு முடிந்துவிடுகிறது. ஆகவே மண்டபத்தில் முதற்பந்தி போடும் வேளையில், மணமக்களுக்கு அட்சதை தூவி வாழ்த்திய பாட்டனாரும் பாட்டியாரும் ஒரு வாய் நீரும் அருந்தாமல் ஊருக்குப் பேருந்து ஏறுகின்றனர். வீட்டின் மூத்தோர் உண்ண இயலாத விருந்தை வீட்டு விருந்து என்று எவ்வாறு சொல்வது? இவ்வினாவே சில குடும்பங்களை மீண்டும் பகல் வரவேற்பின் பக்கம் திருப்பியுள்ளது. பத்தரை மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியும் இவ்விருந்தை இளைஞர்கள் 'பிரஞ்ச்' என்கின்றனர். சொல்தான் புதிது, பொருள் தமிழர்க்கு மிகப் பழையது.

அகநானூற்றில் திருமணத்தை விரித்துரைக்கும் பாடல்கள் இரண்டு. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் இருள் நீங்கிய காலைப்பொழுதில் மணம் நிகழ்கிறது. பந்தலில் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கின்றனர். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே பரிமாறப்படுவது உளுந்து சேர்த்துக் குழையச் சமைத்த சோறு; உண்போர் வரிசை ஓய்வின்றித் தொடர்கிறது. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலிலோ நெய் பெய்த வெண்சோற்றோடு ஊன் இடம்பெறுகிறது. ஆக, ஊன் கலந்த மணவிருந்தும் ஊனற்ற மணவிருந்தும் சங்க காலத்திலேயே இருந்தன. சைவ உணவு மட்டுமே பண்டைத் தமிழர் மணவிருந்து என்று மேடையில் முழங்குவோரும், ஊனின்றி அக்காலத்தில் விருந்தே இல்லை என்று வாதிடுவோரும் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படித்தல் நலம்.

இரவுணவு விலக்கும் வழக்கத்துக்குத் தமிழில் கிடைக்கும் அழகிய சான்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் உள்ளது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் சாவக நோன்பி. ஆகவே அவனுக்குரிய பகலுணவைச் சமைக்கத்தக்க நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்குமாறு அம்மனையில் சொல்லப்படுகிறது. வந்தவரின் நோன்பு இன்னதென அறிந்து, அதற்கேற்ற கலத்தையும் வேளையையும் அமைத்துத் தருகிறது வேறொரு குலத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பம். விருந்தோம்பல் என்பதற்கு இதனினும் நுட்பமான காட்சியைத் தமிழிலக்கியத்தில் தேடித்தான் காணவேண்டும்.

அடுத்து இளங்கோவடிகள் தருவது ஏறக்குறைய ஓர் உணவுப் பட்டியலே. பலாக்காய், வரிகளையுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, செந்நெல் அரிசி, ஆயர் மனையின் பால்பயன். கண்ணகி காய்களை அரிவாள்மனையில் அரிகிறாள். மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். வாழையின் குருத்திலையில் உணவு படைக்கப்படுகிறது. உண்டபின் வெற்றிலையும் பாக்கும். இப்பட்டியலில் மண்ணுக்குள் விளையும் கிழங்கு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரை வீதிக்குப் புறப்பட்டது இவ்வுணவை உண்ட பின்னரே.

நெறிநூல்களைப் பொறுத்தவரை, சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்கு வகுத்த பதினொரு நிலைகளில் ஆறாவது இரவுணவு துறத்தல். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியக்கூடும் என்பதே இவ்விலக்கின் அடிப்படை. மின்விளக்கு வந்துவிட்டதால் இக்காரணம் அற்றுப்போயிற்று என்று கூறுவோர், மழைக்கால இரவொன்றில் மண்டபத்து விளக்கின் கீழ் ஒரு பாயசக் கிண்ணத்தைச் சற்று நேரம் திறந்து வைத்துப் பார்க்கலாம்.

மாலை வரவேற்பு நமக்கு மேலைநாட்டுப் பழக்கத்தின் வழி வந்தது. வியப்பு என்னவெனில், அந்த இங்கிலாந்திலேயே நெடுங்காலம் திருமணம் முற்பகலுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1604ஆம் ஆண்டின் திருச்சபை விதிகள் காலை எட்டு மணிக்கும் நண்பகல் பன்னிரண்டுக்கும் இடையில்தான் மணம் நிகழவேண்டும் என்றன. 1886இல் அவ்வெல்லை பிற்பகல் மூன்று மணி வரையிலும், 1934இல் மாலை ஆறு மணி வரையிலும் நீட்டப்பட்டது. மணம் முற்பகலில் முடிந்ததால் அதன்பின் அளித்த விருந்துக்குத் 'திருமணக் காலையுணவு' என்று பெயர் வந்தது. விருந்து மாலைக்கு மாறிய பின்னும் அப்பெயர் அங்கே மாறவில்லை. 'பிரஞ்ச்' என்னும் சொல்லை அச்சில் பரப்பியவர் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர், ஆண்டு 1895. சனிக்கிழமை இரவு வெகுநேரம் களித்துவிட்டு ஞாயிறன்று தாமதமாக எழுவோர்க்கு இரக்கம் காட்டவே அவர் அவ்வுணவைப் பரிந்துரைத்தார். இரவில் விழித்துக் களித்தவர்க்காகப் பிறந்த உணவுவேளை, இரவில் உண்ணாதவர்க்கு இத்துணைப் பொருந்துவது வேடிக்கைதான்.

இனி, இலையில் என்ன இடுவது என்ற கேள்வி. இதில் காலை ஏழு மணிச் சிற்றுண்டியைவிட முற்பகல் விருந்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏழு மணிக்கு நானூறு பேருக்கு இலை போடவேண்டுமானால் சமையற்காரர் பின்னிரவு மூன்று மணிக்கே அடுப்பு மூட்டவேண்டும். உண்பது மட்டுமன்றிச் சமைப்பதும் பகலிலேயே ஆகவேண்டும் என்னும் நெறியினர்க்கு அது ஒவ்வாது. பதினொரு மணிக்குப் பந்தி என்றால், விடிந்தபின் நீரைத் துணியால் வடிகட்டி, அரிசி களைந்து, அமைதியாகத் தொடங்கலாம். ஆலயத்தில் அபிடேகமும் தடையின்றி நிறைவேறும்.

இட்டிலி, தோசை ஆகியவை இங்கே ஒரு சிக்கல். மாவு முந்தைய மாலையில் அரைத்து இரவெல்லாம் புளிக்க வைக்கப்படுவது. முந்தைய நாளின் உணவைத் தவிர்ப்போர் அதனையும் தவிர்ப்பர். அவர்களுக்கு வெண்பொங்கல் போதும். பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், நெய் என அதில் விலக்க எதுவுமில்லை. இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கு. அரிசி உப்புமாவும் அன்றே பிழிந்த சேவையும் நல்ல துணை. உளுந்தைக் காலையில் ஊறவைத்து அரைத்தால் பதினொரு மணிக்கு வடை சூடாகக் கிடைக்கும். சங்கப் பாடலின் உளுந்துக்கும் இலையில் ஓரிடம் ஆயிற்று. ஆனால் அவ்வடையைத் தயிரில் இடுவதில்தான் பலர் தடுக்கி விழுகின்றனர். பருப்பு வகையையும் காய்ச்சாத பாலிலிருந்து வந்த தயிரையும் சேர்த்து உண்ணலாகாது என்பது துவிதள விலக்கு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் நீக்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வாயிலில் தயிர்வடையோடு வரவேற்பது இதனை அறியாமையால் நேர்வது.

நண்பகல் நெருங்க வருவோர்க்குச் சோறு வேண்டும். பரங்கி, பூசணி, அவரை, புடலை, பீர்க்கு, வாழைக்காய், கொத்தவரை என்று கொடியிலும் செடியிலும் மரத்திலும் காய்ப்பனவே ஒரு பந்திக்கு மிகுதி. வெங்காயமில்லாத சாம்பாருக்குச் சுவை வராது என்னும் சமையற்காரரிடம், பரங்கிக்காயும் பெருங்காயமும் கொண்டு ஒரு சிறு பானை வைத்துக் காட்டச் சொல்வது முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை. பாயசத்துக்கு வெல்லம் இருக்கத் தேன் எதற்கு? கண்ணகி சமைத்த பலாக்காய்க் கறி கிடைக்கும் பருவமானால் அதனையும் ஒரு வகையாகச் சேர்க்கலாம்.

இரண்டு மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்துவிடும். தாம்பூலப் பையோடு புறப்படும் மூத்தோர் நான்கு மணிப் பேருந்தில் வந்தவாசிக்கோ திண்டிவனத்துக்கோ ஏறினால், பொழுது சாயுமுன் வீடு சேர்வர். வேண்டுமானால் அங்கே ஒரு குவளைப் பாலும் அருந்தலாம்.