இலக்கணமோ இலக்கியமோ: தமிழியல் ஆய்வுப்பொருள் தேர்வின் வரலாறு

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வில் முதற்பணி பொருள் தேர்வாகும். இரு பொருள்கள் ஒருங்கே உள்ளத்தைக் கவரும்போது ஆய்வாளர் இப்பணியிலேயே நெடுநாள் தங்கிவிடுவதுண்டு. தமிழியலில் இத்தடுமாற்றம் பெரும்பாலும் இலக்கணத்திற்கும் இலக்கியத்திற்கும் இடையே அமைகிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை என்றென்றைக்குமாக இழக்க நேரும் என்னும் அச்சமே இதற்கு அடிப்படை. இவ்வச்சம் பொருந்துமா என்பதைப் பல்கலைக்கழகத் தமிழாய்வு வேரூன்றிய 1940களிலிருந்து ஏறத்தாழ முப்பதாண்டுக் கால வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருவர், இரு பொருள்கள்

மு. வரதராசன் 1944இல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆய்ந்து கீழ்த்திசை மொழிகளுக்குரிய எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். நான்காண்டுகளுக்குப்பின், 1948இல், சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தமிழில் அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் முனைவர் பட்டம் அதுவே. வ.சுப. மாணிக்கமும் இத்தடத்திலேயே சென்றார். எம்.ஓ.எல். பட்டத்திற்கு அவர் கொண்ட பொருள் தமிழ் வினைச்சொற்கள். 1957இல் முனைவர் பட்டம் பெற்றுத்தந்த பொருள் அகத்திணைக் கொள்கை. இவ்வாய்வே பின்னர்த் ‘தமிழ்க்காதல்’ என்னும் நூலாகத் தமிழுலகில் நிலைபெற்றது.

இருவரும் இலக்கணத்தில் தொடங்கி இலக்கியத்திற்கு வந்தது கருதத்தக்கது. வினைச்சொல்லை ஆராய்பவர் பனுவலை வரிவரியாகப் படித்து, வடிவங்களைத் தொகுத்து, காலவரிசைப்படுத்திய பின்னரே முடிவு கூற இயலும். இயற்கை, காதல் போன்ற பரந்த பொருள்களில் நயம் பாராட்டி நின்றுவிடும் இடர் உண்டு. அவ்விடரினின்று காப்பது சான்று திரட்டும் இவ்வொழுக்கமே. முதற்பட்டத்தின் சிறிய எல்லை, பின்வந்த பெரிய பொருளுக்குரிய பயிற்சிக் களமாக அமையத் தக்கது என்பது இதனால் புலனாகிறது.

முனைவர் பட்டத்தின்பொருட்டு ஒதுக்கப்பட்ட துறையும் அழிந்துபோகவில்லை. மு.வ. 1954இல் ‘மொழி வரலாறு’ வெளியிட்டார். வ.சுப.மா. ‘தொல்காப்பியக் கடல்’, ‘தொல்காப்பியத் திறன்’ ஆகிய நூல்களால் இலக்கணப் புலமையை நிலைநாட்டினார். ஆய்வேட்டின் தலைப்பு இவர்தம் வாழ்நாட் புலமையின் எல்லையாக அமையவில்லை.

ஒரு பொருள், இருவர்

‘இப்பொருளை வேறொருவர் எடுத்துக்கொண்டார்’ என்பதும் தடுமாற்றத்திற்கு ஒரு காரணம். மு.வ. இயற்கையை ஆய்ந்த காலத்தை ஒட்டியே சேவியர் தனிநாயகம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை குறித்து ஆய்ந்தார். அவருடைய ஆங்கில நூல் 1952இலும், மு.வ.வின் ஆங்கில நூல் 1957இலும் வெளிவந்தன. மு.வ. சங்கப் புலவர் இயற்கையைக் கையாண்ட முறையை விரித்துரைத்தார். உரோமையில் பயின்ற தனிநாயகமோ கிரேக்க, இலத்தீன் மரபுகளோடு ஒப்பிட்டுத் திணைக்கோட்பாட்டின் தனித்தன்மையை நாடினார். பொருள் ஒன்றாயினும் வினா வேறு. ஆதலின் இரு நூல்களும் நின்றன. ஆய்வின் புதுமை பொருளைக் காட்டிலும் வினாவைச் சார்ந்தது என்பதற்கு இது தக்க சான்று. பின்னர் இலண்டனில் முனைவர் பட்டத்திற்குப் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனையைத் தனிநாயகம் ஆய்ந்ததும் ஈண்டு நினையத்தக்கது.

இரண்டும் இணையும் வழி

தேர்வைத் தவிர்த்து இரு துறைகளையும் ஓராய்வில் இணைத்தோரும் உளர். கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் வ.அய். சுப்பிரமணியம் வளர்த்த நெறி இத்தகையது. அவர் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. சிலப்பதிகார மொழிக்கு ச.வே. சுப்பிரமணியன் விளக்க இலக்கணம் கண்டார். சங்க நூல்கள் பலவற்றுக்கும் இவ்வாறே இலக்கணங்கள் எழுந்தன. இங்கு இலக்கியம் தரவாகவும் இலக்கணம் நெறியாகவும் அமைந்தன.

ஈழத்தறிஞர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் தமிழ் வீரநிலைக் கவிதையை ஆய்ந்தார். அது 1968இல் ஆக்சுபோர்டு வெளியீடாயிற்று. சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபினவா என்பது அவர் வினா. கிரேக்க வீரப்பாடல்களின் ஒப்பீடின்றி அவ்வினாவை அவ்வாறு எழுப்பியிருத்தல் அரிது. அவர் முடிவைப் பின்வந்தோர் பலர் மறுத்தனர். எனினும் வினா இன்றும் உயிருடன் உள்ளது. அவரைப்போன்றே தாம்சனிடம் பயின்ற கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்னும் பொருளில் 1970இல் பட்டம் பெற்றார். வரலாறும் நாடகமும் சமூகவியலும் அதில் ஒன்றுகூடின.

ஆயினும் இணைப்பு எல்லார்க்கும் உரிய வழியன்று. இரண்டையும் விட மனமின்றி ‘உம்’மைகொண்டு ஒட்டிய தலைப்பு, ஈரரை ஆய்வேடுகளாக முடியும். இரு துறைகளுள் ஒன்றை நீக்கினால் வினாவே நில்லாது என்னும் நிலையில்தான் இணைப்பு பொருளுடையதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, இரு பொருள்களை முன்பின்னாக நிறுத்தலாம். சிறிய எல்லையுடையது முன்னிற்றல் நலம். இரண்டு, பொருள்களை எடையிடுவதினும் அவை எழுப்பும் வினாக்களை எடையிடுதல் தக்கது. தெளிவான வினாவும் கைக்கெட்டும் சான்றும் எதற்கு உளவோ அதுவே உரிய பொருள். மூன்று, வினா ஒன்றாயின் மட்டுமே துறைகள் இணையும்.

மு.வ.வும் வ.சுப.மா.வும் கொண்ட அவ்வழி, முதற்பட்ட ஆய்வு ஒன்று முன்னே அமைந்ததால் இயன்றது. முனைவர் பட்டத்திற்கு நேரே பதிவுசெய்யும் மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே பதிவுக்குமுன் இரு பொருள்களிலும் ஒவ்வொரு சிறு கட்டுரை எழுதுவித்துப் பார்த்தல் நெறியாளர் கடமையாகிறது. எதனை எழுதுங்கால் சான்று மேலும் சான்றைத் தேடத் தூண்டுகிறதோ, அதனைத் தேர்ந்து மற்றதைப் பட்டத்திற்குப் பிந்தைய காலத்திற்கு வைத்துக்கொள்வதில் இழப்பேதும் இல்லை.