அச்சு முறுக்கு
தென் தமிழகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பலகாரம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடங்கிய அன்றைய வடதிருநெல்வேலியில் கிறிஸ்தவ மிஷனரி ராக்லண்டின் குழுவினர் 1854 முதல் ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தனர். அந்நாளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வெள்ளைக்காரர் அடுப்பில் கேக் வெந்தது. நம் வீடுகளில் எண்ணெய்ச் சட்டியே ஏறியது.

பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் சேர்த்து நீர்க்கக் கரைப்பார்கள். பூ அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்பும் மூழ்கினால் முறுக்கு கழலாது. புது அச்சு லேசில் பழகாது. அதனாலேயே அம்மாவின் பழைய அச்சுக்கு அத்தனை மதிப்பு. ஸ்காண்டிநேவியாவிலும் இதுபோன்ற அச்சுப் பலகாரம் உண்டு, கோதுமை மாவில். இதே வட்டாரத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கடைச்சரக்கு. அச்சு முறுக்கோ வீட்டில் சுட்டு, அண்டை அயலாருக்குத் தட்டில் கொடுத்தனுப்புவது.