எழுபதாவது பிறந்தநாளில் எரிந்த மில்

உங்கள் பீரோவில் ஃப்ளீஸ் ஜாக்கெட் இருக்கிறதா? பெயர் பிடிபடவில்லையா? ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும்போது மட்டும் வெளியே எடுப்போமே, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்குமே... அதேதான். பனிமலை ஏறுபவர்களும் போடுகிறார்கள், மார்கழி மாதம் வாக்கிங் போகிறவர்களும் போடுகிறார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு பெரியவரின் கதை இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், லாரன்ஸ் நகரம். அங்கே மால்டன் மில்ஸ் என்றொரு ஆலை. 1906-ல் தொடங்கிய குடும்பத் தொழில். மூன்றாம் தலைமுறை முதலாளி ஆரன் ஃபியூர்ஸ்டீன். செயற்கை ஃபர் துணிதான் அவருக்குச் சோறு போட்டது. ஃபேஷன் மாறியது. 1981-ல் திவால் மனு!

தூக்கி நிறுத்தியது ஃப்ளீஸ். கம்பளி கதகதப்பானதுதான். ஆனால் நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. மலையில் அது ஆபத்து. பாலியெஸ்டரோ தண்ணீரைக் குடிப்பதே இல்லை எனலாம். அந்த நூலில் துணி பின்னி, கம்பி பிரஷ்ஷால் சீவி, பஞ்சு மாதிரி எழுப்பிவிட்டால் இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். கதகதப்பு தருவது அந்தக் காற்றுதான். மலையேற்ற உடைகள் விற்ற படகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து இதை மெருகேற்றினார்கள். மலைக்காகப் பிறந்த துணி, சீக்கிரமே தெருவுக்கும் வந்துவிட்டது.

1995, டிசம்பர் 11. ஃபியூர்ஸ்டீனுக்கு எழுபதாவது பிறந்தநாள். அன்று இரவு மில்லில் தீ. பலர் காயமடைந்தார்கள். கட்டடங்கள் சாம்பலாயின. சுமார் 3,000 பேர் வேலை பார்த்த இடம். இன்ஷூரன்ஸ் பணம் வரும். வாங்கிக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அல்லது கூலி குறைவான ஊருக்கு மில்லை மாற்றலாம். மற்ற முதலாளிகள் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்?

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? 'இதே ஊரில் திரும்பக் கட்டுவேன். வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு' என்று அறிவித்தார். முதலில் முப்பது நாள். பிறகு அது நீண்டது. கோடிக்கணக்கான டாலர்! மிஞ்சிய கட்டடத்தில் சில வாரங்களிலேயே ஃப்ளீஸ் ஓட ஆரம்பித்தது.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. புது மில் கட்ட இன்ஷூரன்ஸ் பணம் போதவில்லை. கடன் ஏறியது. மலிவான போலித் துணிகள் சந்தையை நிறைத்தன. 2001-ல் மறுபடி திவால். நிர்வாகம் அவர் கையை விட்டுப் போனது. 2007-ல் கம்பெனியே கைமாறி, போலார்டெக் என்று பெயரும் மாறியது. 2021-ல், 95 வயதில் அவர் காலமானார்.

'தானம் பண்ணியே கெட்டார்' என்கிறவர்கள் உண்டு. பி.காம். படித்தவன் என்ற முறையில் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரைச் சாய்த்தது கட்டடக் கடனும் போட்டியும். சம்பளம் ஒரு பங்குதான். சரி, அந்தச் சம்பளத்தைச் செலவில் எழுதுவதா, முதலீட்டில் எழுதுவதா? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு விடை இல்லை.

ஆனால் 1995 டிசம்பரில் லாரன்ஸ் நகரத்தில் அடுப்பு எரிந்த வீடுகளில் கேட்டிருந்தால், சட்டென்று சொல்லியிருப்பார்கள்.